ஐந்து வினாக்கள், ஒரே இழை

வங்கிப் பணி எனக்குப் பல பழக்கங்களைத் தந்தது. அவற்றுள் ஒன்று, தொடர்பற்றவை போலத் தோன்றும் வரவுகள் கடைசியில் எந்தப் பேரேட்டில் போய்ச் சேருகின்றன என்று தேடுவது. இவ்வார வினாக்கள் அப்பழக்கத்தில் பிறந்தவை. ஐந்துக்கும் தனித்தனியே விடை உண்டு; ஐந்து விடைகளையும் கோக்கும் இழை ஒன்றும் உண்டு. அந்த இழை பூகோளத்தைச் சேர்ந்தது என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

முதல் வினா: பெருமாள் நின்ற, இருந்த, கிடந்த, நடந்த ஆகிய நான்கு திருக்கோலங்களிலும் சேவை சாதிக்கும் தொண்டை நாட்டுத் திவ்ய தேசம் எது? இரண்டாவது: பெரிய புராணம் அருளிய சேக்கிழார் பெருமான் அவதரித்த ஊர் எது? மூன்றாவது: 1726-ஆம் ஆண்டு ஆர்மேனிய வணிகர் ஒருவர் தம் சொந்தப் பொருளைச் செலவிட்டுச் சென்னையில் கட்டுவித்த பாலம் எது? நான்காவது: தமிழ்த் தாத்தா உ.வே.சாமிநாதையர் மறைந்த மறு ஆண்டு, 1943-இல், அவர் பெயரால் அமைந்த நூலகம் முதன்முதலில் எங்கே தொடங்கப்பெற்றது? ஐந்தாவது: ஓடுபாதையின் ஒரு பகுதி பாலத்தின் மேல் அமைந்திருக்கும் நம் நாட்டு விமான நிலையம் எது?

அச்சுக்கு அனுப்புமுன், மயிலாப்பூர் நாகேசுவர ராவ் பூங்காவில் என்னுடன் காலை நடைக்கு வரும் நண்பர்களிடம் இவற்றைக் கேட்டுப் பார்த்தேன். நால்வரும் எழுபதைத் தொட்டவர்கள். கோயில், குளம், புராணம் எல்லாம் அறிந்தவர்கள். முதல் இரண்டுக்கும் நான் முடிக்குமுன்பே விடை வந்துவிட்டது. ஏனையவற்றையும் ஆளுக்கொன்றாகச் சொல்லிவிட்டார்கள். இழை என்னவென்று கேட்டபோதுதான் பெஞ்சில் அமைதி நிலவியது. “தொண்டை மண்டலம்” என்றார் ஒருவர். “பல்லவர் கட்டிய ஊர்கள்” என்றார் இன்னொருவர். ஆர்மேனியரையும் விமானத்தையும் மறந்துவிட்டார் போலும். கால் மணி நேரம் கழிந்தும் எவருக்கும் அகப்படவில்லை. இத்தனைக்கும் அவர்களுள் இருவர் அன்றாடம் திரு.வி.க. பாலத்தின் வழியாகவே அந்தப் பெஞ்சுக்கு வருகிறவர்கள்.

இனி விடைகள். முதலாவது திருநீர்மலை. அடிவாரத்தில் நீர்வண்ணப் பெருமாள் நின்ற கோலத்தில் எழுந்தருளியிருக்கிறார். மலைமேல் சாந்த நரசிம்மராக வீற்றிருந்தும், அரங்கநாதராகப் பள்ளிகொண்டும், உலகளந்த பெருமாளாக நடந்தும் காட்சி தருகிறார். பூதத்தாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் மங்களாசாசனம் செய்த தலம். திருமங்கையாழ்வார் சேவிக்க வந்தபோது மலையைச் சுற்றி வெள்ளம் சூழ்ந்திருந்ததாம். திரும்பிப் போக மனமில்லாமல் ஆறு மாத காலம் எதிரே தங்கியிருந்து, நீர் வடிந்த பிறகே மலையேறினார் என்பது தல வரலாறு. நீர்மலை என்ற பெயருக்கும் அதுவே காரணம் என்பர். இந்த வரலாற்றைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மீண்டும் இதற்கு வருவேன்.

இரண்டாவது விடை குன்றத்தூர். இரண்டாம் குலோத்துங்க சோழனின் அமைச்சராயிருந்த சேக்கிழார், கும்பகோணத்தை அடுத்த திருநாகேசுவரத்தின்மீது கொண்ட பக்தியால் அதே பெயரில் தம் சொந்த ஊரிலும் ஒரு சிவாலயம் எழுப்பினார். மூன்றாவது, சைதாப்பேட்டையில் மார்மலாங் பாலம் என்று வழங்கிய பழைய பாலம். இன்று அவ்விடத்தில் மறைமலையடிகள் பாலம் நிற்கிறது. கட்டுவித்தவர் கோஜா பெத்ருஸ் உஸ்கான். பரங்கிமலைக்கு ஏறும் படிகளை அமைத்தவரும் அவரே. மாம்பலம் என்ற சொல்தான் ஐரோப்பியர் நாவில் மார்மலாங் ஆயிற்று என்பார்கள். தியாகராய நகர் வாசகர்கள் சற்றுப் பெருமைப்பட்டுக்கொள்ளலாம். நான்காவது, அடையாறு பிரம்மஞான சபை வளாகம். ருக்மிணி தேவி அம்மையாரின் முயற்சியால் அங்கே தோன்றிய நூலகம் பின்னர் பெசன்ட் நகருக்கு இடம்பெயர்ந்தது. ஐந்தாவது நம் சென்னை விமான நிலையமே. அதன் இரண்டாம் ஓடுபாதை ஓர் ஆற்றைப் பாலத்தின்மேல் கடந்து செல்கிறது.

அந்த ஆறுதான் இழை. ஆதனூர் ஏரியில் பிறந்து, செம்பரம்பாக்கத்து உபரி நீர் சேர்ந்த பிறகே ஆறு என்று சொல்லும்படி உருவெடுத்து, குன்றத்தூரையும் திருநீர்மலையையும் ஒட்டி வந்து, விமான நிலையத்தையும் சைதாப்பேட்டையையும் கோட்டூர்புரத்தையும் கடந்து, பிரம்மஞான சபைத் தோட்டத்தின் ஓரமாகப் பட்டினப்பாக்கத்துக்கு அருகே கடலில் கலக்கும் அடையாறு. மொத்த நீளம் ஏறத்தாழ 42 கிலோமீட்டர். காவிரியோடு ஒப்பிட்டால் சிறு குழந்தை.

நண்பர்களுக்கு இது புலப்படவில்லை என்பதில் எனக்கு வியப்பில்லை. 2015 டிசம்பரில், ஆற்றுக்கு அருகிலிருந்த ஒரு கிளையில் நான் அதிகாரியாக இருந்தேன். முதல் தேதி இரவு செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி நீர் திறக்கப்பட்டது. வழியிலிருந்த மற்ற ஏரிகளின் உபரியும் அதனோடு சேர்ந்துகொண்டது. மறுநாள் விமான நிலையத்தின் ஓடுபாதை நீருக்குள் இருந்தது. எங்கள் லாக்கர் அறையும் அப்படியே. நீர் வடிந்தபின் வாடிக்கையாளர்களை ஒவ்வொருவராக அழைத்து லாக்கரைத் திறக்கச் செய்தோம்.

எழுபதைக் கடந்த ஓர் அம்மாள் வந்திருந்தார். அவருடைய நகைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை; சேறு மட்டும் படிந்திருந்தது. அவற்றினடியில் துணியில் சுற்றிய ஒரு நோட்டுப் புத்தகம். அவருடைய மாமனார் தம் கையால் எழுதி, நாள்தோறும் பாராயணம் செய்துவந்த சௌந்தர்ய லஹரி. பிரித்தபோது மையெல்லாம் கரைந்து நீல நிறத்தில் கூழாகியிருந்தது. அவர் அழவில்லை, எங்களைக் கோபிக்கவும் இல்லை. சற்று நேரம் அதைக் கையில் வைத்துக்கொண்டிருந்துவிட்டு, “எந்த ஆறு சார் உள்ளே வந்தது? இங்கே ஆறு எங்கே இருக்கு?” என்று கேட்டார்.

“அடையாறு, அம்மா.”

“அதுவா? நாற்பது வருஷமா அதைக் கூவம்னுன்னா நெனச்சுண்டிருந்தேன்!”

அவரை நான் குறை சொல்ல மாட்டேன். நானும் பாலத்தின்மேல் பேருந்து ஏறியதும் கைக்குட்டையை மூக்கருகே கொண்டுபோனவன்தான். நீராடும்போது கங்கை முதல் காவிரி வரை ஏழு நதிகளின் பெயரைச் சொல்லி அழைக்கிறோம். துலா மாதத்தில் மாயூரத்துக்கும், புஷ்கரம் என்றால் இன்னும் தொலைவுக்கும் பயணச்சீட்டு வாங்குகிறோம். திருமங்கையாழ்வாரை ஆறு மாதம் காத்திருக்கச் செய்த தலத்தைத் தொட்டுக்கொண்டு வரும் நீர் நம் வீட்டுக்கு அரைக் காத தூரத்தில் ஓடுகிறது. அதன் பெயர் பேருந்தின் நெற்றியில் இருக்கும் ஊர்ப்பெயராக மட்டுமே நம் மனத்தில் பதிந்திருக்கிறது.

சென்ற மார்கழியில் திருநீர்மலைக்குப் போயிருந்தேன். படியேறி மேலே நின்று பார்த்தால் ஏரியும் வயலும் இருந்த இடத்தில் மாடிவீடுகள். அர்ச்சகரிடம் ஆறு எந்தத் திசையில் என்று கேட்டேன். கற்பூரத் தட்டைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்து, கையை நீட்டிக் காட்டினார். மழை விட்டிருந்த நேரம். கட்டடங்களுக்கு நடுவே ஒரு கோடு பளபளத்தது.

அடுத்த இதழுக்கான வினா, அந்த அம்மாளின் நினைவாக: கூவம் என்ற பெயருடைய ஊரிலேயே திருஞானசம்பந்தர் பாடிய சிவத்தலம் ஒன்று உண்டு. மழை மிகப்போகும் காலத்தில் அங்குள்ள சிவலிங்கத் திருமேனி வெண்ணிறமும், போர் வரும் காலத்தில் செந்நிறமும் கொள்ளும் என்பது அவ்வூர் நம்பிக்கை. அத்தலத்தின் தேவாரப் பெயர் என்ன?