எளியோரின் வெற்றி என்று எதைச் சொல்கிறோம்?

'ஹூசியர்ஸ்' (1986) திரைப்படத்தை எளியோர் வலியோரை வென்ற காவியமாகச் சிலாகிக்கும் நண்பர்கள் நம்மிடையே உண்டு. அவர்களோடு எமக்குக் கடுமையான முரண்பாடு இருக்கிறது. படத்தின் ஆக்கம் குறித்தல்ல. அது எதை மறைத்து நிற்கிறது என்பது குறித்து.

படத்துக்கு ஆதாரம், 1954இல் அமெரிக்காவின் இந்தியானா மாநிலக் கூடைப்பந்துக் கோப்பையை 161 மாணவர்களே படித்த மைலன் உயர்நிலைப்பள்ளி 32-30 என வென்ற நிகழ்வு. தோற்றது மன்சி சென்ட்ரல். உண்மையிலேயே அரிய வெற்றிதான். ஆனால் அந்த இறுதிப் போட்டிக்கு வரும் வழியில் மைலன் வென்ற அணிகளுள் இந்தியானாபோலிஸின் கிறிஸ்பஸ் அட்டக்ஸ் பள்ளியும் ஒன்று என்பதைப் படம் சொல்வதில்லை.

அட்டக்ஸ், கறுப்பின மாணவர்களைப் பிரித்து வைப்பதற்கென்றே 1927இல் திறக்கப்பட்ட பள்ளி. 1903இல் தோன்றிய மாநிலப் பள்ளி விளையாட்டுச் சங்கம் 1942 வரை அதை உறுப்பினராக ஏற்கவில்லை. கத்தோலிக்கப் பள்ளிகளுக்கும் அதே கதிதான். சங்கம் சொன்ன காரணத்தைக் கவனியுங்கள்: அட்டக்ஸில் எல்லா மாணவர்களும் சேர முடியாது, ஆகவே அது பொதுப்பள்ளி ஆகாது! வெள்ளையரை அங்கே சேர்க்காதிருந்தது யார்? கதவைப் பூட்டியவர்களே, பூட்டியிருக்கிறது என்று குற்றம் சாட்டினார்கள். அதனால் பதினைந்து ஆண்டுகள் அந்தப் பிள்ளைகள், தம்மோடு ஆட முன்வந்த பள்ளிகளைத் தேடி ஊர் ஊராக, அண்டை மாநிலங்களுக்கும் பயணித்தனர்.

ஆய்வாளர்களும் இதில் நிரபராதிகள் அல்லர். மன்சி நகரை ஆராய்ந்து லிண்ட் தம்பதியர் 1929இல் வெளியிட்ட 'மிடில்டவுன்', ஊரை ஒன்றிணைக்கும் ஆற்றலைப் பள்ளிக் கூடைப்பந்தில் கண்டது. அதே நூல் அந்நகரின் கறுப்பர்களை ஆய்வுக்கு வெளியே நிறுத்தியது. எந்த 'ஊர்' ஒன்றிணைந்தது என்று நாம் கேட்க வேண்டாமா?

1955இல் ஆஸ்கர் ராபர்ட்சன் ஆடிய அட்டக்ஸ் கோப்பையை வென்றது. அனைவருக்கும் பொதுவான மாநிலப் போட்டியொன்றில் கறுப்பினப் பள்ளி வென்றது அந்நாட்டில் அதுவே முதன்முறை. வெற்றி பெற்றோர் நகர மையத்தின் நினைவுச்சின்ன வட்டத்தில் கொண்டாடுவது வழக்கம். இவர்களுடைய ஊர்வலமோ அவ்வட்டத்தைச் சுற்றியதும் கறுப்பர் குடியிருப்பின் பூங்காவுக்குத் திருப்பப்பட்டது. மறு ஆண்டு ஓர் ஆட்டத்திலும் தோற்காமல் மீண்டும் வென்றார்கள். (இதற்கு ஹாலிவுட் காவியம் எதுவும் எழவில்லை.)

இன்னொன்று. இரு கோப்பைகளையும் வென்ற அட்டக்ஸ் பயிற்சியாளர் ரே க்ரோ 'ஹூசியர்ஸ்' படத்தில் நடித்திருக்கிறார். இறுதி ஆட்டத்தில் தோற்கும் அணியின் பயிற்சியாளராக.