பிள்ளைக் காம்பராவில் இருப்பவருக்குப் பயிற்சி வேண்டும்

பெரட்டுக்குப் போகும் முன் தாய் தன் கைக்குழந்தையைக் கொண்டுபோய் விடும் இடத்துக்குக் காகிதத்தில் சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று பெயர். லயத்தில் அது இன்னும் பிள்ளைக் காம்பராதான். கொழுந்து நிறுத்து முடித்துத் தாய் திரும்பும் வரை பிள்ளை அங்கேதான் இருக்கிறது. பகலில் அது விழித்திருக்கும் நேரத்தின் பெரும்பகுதியைப் பார்ப்பவர் அங்குள்ள சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தர். பிள்ளையின் தலை நிற்கிறதா, கூப்பிட்டால் திரும்புகிறதா, ஒரு கையை மட்டும் எப்போதும் மடக்கியே வைத்திருக்கிறதா என்பதெல்லாம் முதலில் படுவது அவர் கண்ணில்தான்.

கண்ணில் பட்டால் மட்டும் போதாது. பட்டதற்கு என்ன அர்த்தம், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதும் தெரிய வேண்டும். விசேட தேவையுள்ள சின்னப் பிள்ளைகளைக் கவனிக்க நம் தோட்டங்களின் சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தர் ஒவ்வொருவருக்கும் முறையான பயிற்சி வேண்டும். சம்பளத்துக்கும் வீட்டுக்கும் குரல் கொடுக்கும் தொழிற்சங்கம் இதையும் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

இப்போது நடப்பது எல்லோருக்கும் தெரியும். ஒன்பது மாதமாகியும் பிள்ளை உட்காரவில்லை என்றால், "இவங்க அப்பனும் பிந்தித்தான் நடந்தான்" என்று பாட்டி ஆறுதல் சொல்வார். ஒன்றரை வயதாகியும் நடக்காமல், ஒரு சொல்லும் பேசாமல் இருந்தால் கயிறு கட்டுவார்கள், நேர்த்தி வைப்பார்கள். இரண்டு வயதுக்கு மேல் யாராவது சொல்லி வைத்தியசாலைக்குப் போனால், முதல் இரண்டு வருடமும் கைநழுவிப் போயிருக்கும். மூளை வேகமாக வளரும் காலம் அதுதான். காது கேளாத பிள்ளைக்கு அந்த வயதில் கிடைக்காத மொழியைப் பிறகு கொடுப்பது மிகக் கடினம். பெருமூளை வாதம் உள்ள பிள்ளையின் கால் தசைகள் இறுகிய பின் நீட்டுவது அதைவிடக் கடினம்.

ஆசிரியர்களாகிய நாங்கள் இதன் மறுமுனையில் நிற்கிறோம். முதலாம் வகுப்புக்கு ஐந்து வயதில் பிள்ளைகள் வருகிறார்கள். பிள்ளைக் காம்பராப் பதிவேட்டில் இருந்த ஒரு பெயர் எங்கள் பதிவேட்டில் இருக்காது. விசாரித்தால், "அதுக்கு ஏலாது சேர், வீட்டுலதான் இருக்கு" என்பார்கள். வந்து சேரும் பிள்ளைகளிலும் சிலருக்குக் காது சரியாகக் கேட்காது, சிலருக்குக் கண் தெரியாது. அவர்களுக்கு "மக்கு" என்ற பெயர்தான் மிஞ்சுகிறது.

வைத்தியசாலை இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். இருக்கிறது. ஆனால் பயிற்சி சிகிச்சையாளரும் பேச்சுச் சிகிச்சையாளரும் இருப்பது பெரிய வைத்தியசாலைகளில். மலையிலிருந்து பேராதனைச் சிறுவர் வைத்தியசாலைக்குப் போக ஒரு முழு நாள் வேண்டும். தாய்க்கு அன்று பேர் இல்லை. பஸ் செலவு தனி. தூக்கிக்கொண்டு போக வேண்டிய பிள்ளை என்றால் தகப்பனுக்கும் பேர் இல்லை. இப்படி மாதம் இரண்டு தடவை போகச் சொன்னால் மூன்றாம் மாதத்தில் நின்றுவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. சிகிச்சையாளர் அரை மணி நேரம் காட்டிக் கொடுப்பதைத் தினமும் வீட்டிலும் பிள்ளைக் காம்பராவிலும் செய்தால்தான் பலன் உண்டு. அதைச் செய்யும் ஆளுக்குப் பயிற்சி கொடுக்காமல் எவ்வளவு பெரிய வைத்தியசாலை கட்டினாலும் நம் பிள்ளைக்கு அது எட்டாது.

இது நாம் புதிதாகக் கண்டுபிடித்த யோசனை அல்ல. ஊரிலுள்ள சாதாரண ஆட்களுக்கும் குடும்பத்தாருக்கும் பயிற்சி கொடுத்து, விசேட தேவையுள்ளவர்களை அவர்கள் வாழும் இடத்திலேயே கவனிக்கும் வழியை உலக சுகாதார நிறுவனம் 1970களின் கடைசியிலிருந்தே பரப்பி வந்தது. சமூகம் சார்ந்த புனர்வாழ்வு என்று அதைச் சொல்வார்கள். அதற்கான கைநூலை அந்நிறுவனம் 1989இல் வெளியிட்டது. எழுதிய நால்வரில் ஒருவர் இலங்கைப் பெண், உடற்பயிற்சிச் சிகிச்சையாளர் பத்மனி மெண்டிஸ். வழிகாட்டிகள் 4, பயிற்சிப் பொதிகள் 30 அதில் உண்டு. ஒரு வழிகாட்டி பாடசாலை ஆசிரியர்களுக்கென்றே எழுதப்பட்டது. நம் நாட்டவர் ஒருவர் எழுதி உலகமெல்லாம் போன பாடம், நம் லயத்துக்கு மட்டும் ஏன் வந்து சேரக் கூடாது?

அப்படிப்பட்ட பயிற்சியில் என்ன சொல்லித் தருவார்கள்? பெரிய மருந்தோ இயந்திரமோ இல்லை. தலை நிற்காத பிள்ளைக்குப் படுக்க வைத்து ஊட்டக் கூடாது, முதுகை நிமிர்த்திப் பிடித்து, சிறிது சிறிதாக ஊட்ட வேண்டும். இல்லாவிட்டால் சாப்பாடு மூச்சுக் குழாயில் போகும். சுவர் மூலை போன்ற சாய்வு நாற்காலியைப் பலகையில் அடித்துக் கொடுத்தால், உட்கார முடியாத பிள்ளையும் மற்றப் பிள்ளைகளோடு உட்கார்ந்து விளையாடும். இரண்டு மூங்கிலை இடுப்பளவில் கட்டிவிட்டால் நடை பழகலாம். காது கேளாத பிள்ளையோடு பேசும்போது வெளிச்சம் நம் முகத்தில் விழும்படி, அதன் கண்ணுக்கு நேராக உட்கார வேண்டும். கையால் காட்டிப் பேச வேண்டும். வலிப்பு வந்தால் கையில் இரும்பைத் திணிக்கக் கூடாது, வாயில் எதையும் வைக்கக் கூடாது. பக்கவாட்டில் படுக்க வைத்து நேரம் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடத்தில் நிற்காவிட்டால் உடனே வைத்தியசாலை.

எல்லாவற்றுக்கும் முன்னால், சந்தேகம் வந்தால் யாரிடம் சொல்வது என்பதும் தெரிய வேண்டும். பிள்ளையின் சுகாதார அபிவிருத்திப் பதிவேட்டில் நிறையும் உயரமும் குறிக்கிறார்கள். எந்த மாதத்தில் பிள்ளை எதைச் செய்ய வேண்டும் என்பதும் அதில் உண்டு. அந்தப் பக்கத்தைப் பிள்ளைக் காம்பராவில் மாதாமாதம் பார்த்துக் குறித்து, குடும்பநல உத்தியோகத்தரிடமும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிடமும் சேர்ப்பித்தாலே பாதி வேலை முடிந்தது.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. அதை நாம் தள்ளிவிட முடியாது. சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தர் ஏற்கெனவே நிறையப் பிள்ளைகளைத் தனியாகப் பார்க்கிறார், அவர் தலையில் இன்னொரு சுமையா என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அதனால்தான் பயிற்சியை மட்டும் தனியாகக் கேட்கக் கூடாது. அதிகக் கவனம் தேவைப்படும் பிள்ளை இருக்கும் நிலையத்துக்கு உதவியாளர் ஒருவர் வேண்டும். பயிற்சி நாளுக்கு முழுச் சம்பளம் வேண்டும். பயிற்சி தமிழில் நடக்க வேண்டும். ஒரு நாள் மண்டபத்தில் உட்கார வைத்துச் சான்றிதழ் கொடுத்து அனுப்பும் வேலையாக அது இருக்கக் கூடாது. உண்மையான பிள்ளையோடு செய்து பழக்க வேண்டும், பிறகு சிகிச்சையாளர் குறிப்பிட்ட இடைவெளியில் தோட்டத்துக்கே வந்து பார்க்க வேண்டும். அவர் வருகிற நாளில் தாய் அரை நாள் மலையை விட்டு வந்தால் அவருடைய பேர் வெட்டப்படக் கூடாது.

யாரிடம் கேட்பது? பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியத்தில் அரசாங்கம், கம்பனிகள், தொழிற்சங்கங்கள் என்று மூன்று தரப்பும் இருக்கின்றன. தோட்டச் சிறுவர் நிலையங்களும் அங்கு வேலை செய்வோரின் பயிற்சியும் அதன் பொறுப்புகளில் அடங்கும். அங்கே நமக்குக் கதிரை இருக்கிறது. அந்தக் கதிரையில் உட்காருபவர் இதைப் பேச வேண்டும். பேசினாரா என்று தோட்டக் கமிட்டிகள் கேட்க வேண்டும்.

சட்டமும் நம் பக்கம். 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், உடற்குறைபாட்டைக் காரணம் காட்டி ஒருவரைக் கல்வி நிறுவனத்தில் சேர்க்க மறுக்கும் பாகுபாட்டைத் தடை செய்கிறது. விசேட தேவையுள்ளோரின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்றுக்கொண்டது. ஆனால் ஐந்து வயது வரை கவனிப்பாரற்றுக் கிடந்த பிள்ளைக்குப் பாடசாலைக் கதவைத் திறந்து வைத்து மட்டும் என்ன பயன்?

எங்கள் ஆட்களுக்கு இதெல்லாம் வருமா என்று கேட்பவர்களும் உண்டு. தோட்டப் பாடசாலைகளைப் பற்றியும் ஒரு காலத்தில் இப்படித்தான் பேசினார்கள். லயத்துப் பிள்ளைகள் ஆசிரியர் ஆவார்களா என்றார்கள். பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியில் பயிற்சி பெற்று எத்தனை லயத்துப் பிள்ளைகள் இன்று கரும்பலகைக்கு முன் நிற்கிறார்கள்! பயிற்சி கொடுத்தார்கள், வந்தது. பிள்ளைக் காம்பராவில் இருக்கும் நம் சகோதரிக்கும் வரும்.

வீட்டாருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளையை உள் காம்பராவில் வைத்துக் கதவைச் சாத்த வேண்டாம். பூர்வ ஜென்ம பாவம் என்று தாயைக் குத்திக்காட்டவும் வேண்டாம். மற்றப் பிள்ளைகளைப்போல அதையும் தூக்கிக்கொண்டு பிள்ளைக் காம்பராவுக்கு வாருங்கள். சேர்க்க மாட்டோம் என்று யாராவது சொன்னால், அன்றே உங்கள் தோட்டத் தலைவரிடம் சொல்லுங்கள். மாதக் கூட்டத்தில் சந்தாக் கணக்குக்கு அடுத்தபடியாக, நம் தோட்டத்தில் இப்படி எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களில் எத்தனை பேர் பிள்ளைக் காம்பராவுக்கு வருகிறார்கள் என்று எண்ணுங்கள். அந்த எண்ணிக்கையைக் கையில் வைத்துக்கொண்டுதான் நாம் நிர்வாகத்திடம் பேசப் போக வேண்டும்.