கடலுக்கு வேலி இல்லை

"சிறு துளி பெருவெள்ளம்" என்பார்கள் பெரியோர். இன்று அது பிளாஸ்டிக்குக்கும் பொருந்திவிட்டது.

2025 மே 25 அன்று, கொச்சிக்கு அப்பால் அரபிக்கடலில் 'எம்.எஸ்.சி. எல்சா 3' என்னும் சரக்குக் கப்பல் மூழ்கியது. அதிலிருந்து பருப்பளவே உள்ள வெண்ணிறப் பிளாஸ்டிக் மணிகள் கடலில் கொட்டின. சில நாட்களிலேயே அவை திருவனந்தபுரம் கரையிலும், நம் கன்னியாகுமரி மாவட்டக் கரையிலும் ஒதுங்கின. தென்மேற்குப் பருவக்காலத்தில் மேற்குக் கரையோர நீரோட்டம் தெற்கு நோக்கி ஓடுகிறது. அதற்கு மாநில எல்லை தெரியுமா?

ஐந்து மில்லிமீட்டருக்கும் சிறிய இத்தகைய துகள்களே நுண்பிளாஸ்டிக். நாம் எறியும் பைகளும் வெயிலிலும் அலையிலும் நொறுங்கி இவ்வாறே ஆகின்றன. மிதக்கும் துகள்களின்மேல் பாசியும் நுண்ணுயிர்களும் படியப் படிய, அவை கனத்து ஆழத்தில் இறங்குகின்றன. ஆர்க்டிக் பனிக்கட்டியிலும், மரியானா அகழியில் வாழும் சிற்றுயிர்களின் வயிற்றிலும் நுண்பிளாஸ்டிக் காணப்பட்டுள்ளது.

கடற்கரையைக் கூட்டிவிட்டால் போதும் என்பார் சிலர். கூட்டுவது நற்பணியே. ஆனால் கரைக்கு வந்ததைத்தானே கூட்ட முடியும்? நீரோட்டத்தோடு போனதையும் ஆழத்தில் இறங்கியதையும் எந்தத் துடைப்பம் எட்டும்? ஆகவே, கடலில் சேருமுன் தடுப்பதே சரியான வழி என்று நாங்கள் கருதுகிறோம். பிளாஸ்டிக் மணிகளை ஆபத்தான சரக்காக எண்ணிப் பத்திரமாக ஏற்றிச் செல்ல வேண்டும்.

அன்புத் தோழியரே! நாம் கப்பல் ஓட்டுவதில்லை. ஆனால் நம் தெரு வாய்க்கால் ஆற்றுக்கும், ஆறு கடலுக்கும் செல்கிறது. அந்த வாய்க்காலையாவது நாம் காப்போம்!