முதலில் தாளும் பென்சிலும்

உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிக்கும் மாணவியிடம் வீட்டார் கேட்கும் முதற் கேள்வி, "எந்தக் கணினி மொழி படித்தால் நல்லது? ஜாவாவா, பைதனா?" என்பதுதான். அக்கறையோடு கேட்கும் கேள்வி. ஆனால் அது இரண்டாவதாகக் கேட்க வேண்டியது என்பதே என் கருத்து. யாருக்காக, எந்தத் தேவைக்காக ஒரு மென்பொருளைச் செய்கிறோம் என்பதே முதற் கேள்வி. அளவெடுக்கும் முன் எந்த மெஷினில் தைப்பது என்று எந்தத் தையற்காரியும் யோசிப்பதில்லை.

இதற்கு நம் நாட்டிலேயே ஓர் உதாரணம் உண்டு. 2004 டிசம்பர் 26ஆம் திகதி வந்த சுனாமி இலங்கையில் 30,000க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது எனக் கிழக்குக் கரையோர ஊர்கள் சிதைந்தன. யார் எந்த முகாமில் இருக்கிறார், எங்கே என்ன தேவை, எந்த நிறுவனம் எங்கே உதவுகிறது என்பவற்றை ஒருங்கே அறிய வேண்டியிருந்தது. அதற்காக நம் நாட்டு மென்பொருள் துறையினர் தன்னார்வலர்களாகக் கூடி 'சஹன' என்ற மென்பொருளை உருவாக்கினார்கள். சிங்களத்தில் இச்சொல்லுக்கு நிவாரணம் என்று பொருள்.

காணாமற்போனோர், முகாம்கள், உதவும் நிறுவனங்கள், உதவிக் கோரிக்கைகள் ஆகிய நான்கும் அதன் முக்கிய பகுதிகள். இவையே அதன் வடிவம். அதை எழுதப் பயன்பட்டவை பிஎச்பி மொழியும் மைஎஸ்கியூஎல் தரவுத்தளமும். இரண்டும் இலவசம். அனுமதிக் கட்டணமின்றி எவரும் சாதாரணக் கணினியில் நிறுவிக்கொள்ளலாம். அவசர காலத்தில் இது சிறிய விடயமல்ல. 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போதும் சஹன உதவியது. பின்னர் அது பைதன் மொழியில் புதிதாக எழுதப்பட்டு, 2010இல் ஹெயிட்டி நிலநடுக்கத்தில் பயன்பட்டது. மொழி மாறியது, முகாம், நிறுவனம், கோரிக்கை என்ற அடிப்படை வடிவம் நிலைத்தது.

வடிவம் பிழைத்தால் என்ன ஆகும்? ஒரு பெயரைப் பதிவதையே எடுத்துக்கொள்வோம். படிவத்தில் 'முதற்பெயர்', 'குடும்பப் பெயர்' என்று இரு கட்டங்கள் மட்டும் இருக்கின்றன. நம்மில் பலருக்குக் குடும்பப் பெயரே இல்லை. தந்தையின் பெயர்தான் உண்டு. பாத்திமா என்ற பெயரை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறோம். தாய் ஓர் எழுத்துக்கூட்டலில் தேட, முகாமில் வேறோர் எழுத்துக்கூட்டலில் பதிந்திருந்தால், உலகின் மிகச்சிறந்த கணினி மொழியும் அந்தப் பிள்ளையைக் கண்டுபிடித்துத் தராது. தந்தை பெயர், ஊர், வயது ஆகியவற்றுக்கும் இடம் வேண்டும் என்று முன்கூட்டியே யோசித்த ஒருத்தியே அந்தத் தாய்க்கு உதவ முடியும்.

வேலை விளம்பரங்களில் மொழிகளின் பெயர்கள்தானே இருக்கின்றன என்பீர்கள். உண்மை. ஒரு மொழியை நன்றாகக் கற்கத்தான் வேண்டும்; பாடத்திட்டத்திலுள்ள பைதன் தொடக்கத்துக்குப் போதும். ஆனால் மொழிகள் வரும், போகும். தேவையைக் கேட்டறிந்து தாளில் வரையும் பழக்கம் என்றும் கைகொடுக்கும்.

ஆகவே தங்கைமாரே, உங்கள் செயற்றிட்டத்துக்குக் கணினியைத் திறக்கும் முன் தாளையும் பென்சிலையும் எடுங்கள். அதைப் பயன்படுத்தப்போகிறவரிடம் சென்று பேசுங்கள். பெற்றோரே, மகள் கணினியைத் தொடாமல் கட்டங்களும் கோடுகளும் வரைந்துகொண்டிருந்தால் நேரத்தை வீணாக்குகிறாள் என்று எண்ணிவிடாதீர்கள். உண்மையான வேலை அங்கேதான் நடக்கிறது.