புதுசு கைக்கு வரும்வரை பழசை விடாதீர்கள்



டெக்சாஸில் மகள் வீட்டில் இருக்கிறேன். இங்கே இன்சூரன்ஸ் ஏஜென்டாக இருக்கும் என் பழைய மாணவன் நேற்று பார்க்க வந்தான். அரைமணி நேரத்தில் ஏழு போன். எல்லாரும் கேட்டது ஒன்றுதான்: "என் விண்ணப்பம் என்னாச்சு?"

65 வயதானவர்களுக்கு இங்கே அரசின் மெடிகேர் உண்டு. டாக்டர் செலவில் பெரும்பாலும் 80 சதவீதம் அது தரும். மீதி 20-க்கு உச்சவரம்பே இல்லை. அதற்காகத்தான் தனியாரிடம் மெடிகேப் என்ற துணைக் காப்பீடு. 65-க்குப் பின் 'பார்ட் பி' தொடங்கிய முதல் 6 மாதம் கம்பெனி மறுக்க முடியாது. அதன்பின் பெரும்பாலான மாநிலங்களில் உடல்நிலை பார்த்து மறுக்கலாம். அந்தப் பரிசீலனைதான் இழுக்கிறது.

கம்பெனி மாற விண்ணப்பித்த ஒரு பெரியவர், பழைய பாலிசியை நிறுத்தப் போனாராம். இவன் விடவில்லை. ஒரு மாதம் கழித்துப் புதுக் கம்பெனி மறுத்துவிட்டது. பழசு இருந்ததால் தப்பினார்.

தாமதம் கம்பெனியுடையது, திட்டு மட்டும் ஏஜென்டுக்கு. அது நியாயமில்லை. ஆனால் வாய்மூடி இருந்தால் அது ஏஜென்டின் தப்புதான். இவன் வெள்ளிதோறும் தானே கூப்பிட்டு, "இன்னும் வரலைங்க" என்றாவது சொல்லிவிடுகிறான். விடைத்தாள் திருத்தத் தாமதமானபோது நான் உங்களிடம் அப்படிச் சொன்னதில்லை. இப்போது உறுத்துகிறது.

இங்கே மெடிகேரில் பெற்றோர் உள்ள பிள்ளைகளே, தலைப்பை மறக்காதீர்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்