நாற்காலி கேட்டால் குற்றமா?

தோட்டத் தொழிலாளர் பகுதியில் எழுதும் நாம் பேரங்காடிப் பக்கம் ஏன் போகிறோம் என்று வாசகர்கள் கேட்கலாம். போகத்தான் வேண்டியிருக்கிறது. லாபு, ரந்தாவ், சிலியாவ், பகாவ் வட்டாரத்துத் தோட்டங்களில் இன்று காலைப் பிரட்டுக்கு வந்து நிற்பவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். நம் பிள்ளைகள் எங்கே? சிரம்பானிலும் நீலாயிலும் பேரங்காடிகளில் அரிசி மூட்டை அடுக்குகிறார்கள், மீன் கழுவுகிறார்கள், கவுண்டரில் காசு வாங்கிப் போடுகிறார்கள். பால் வாளியை விட்டார்கள். கூலி வேலை அவர்களை விடவில்லை.

லாபு பக்கத்தில் இருபத்தெட்டு வருஷம் பால் வெட்டி ஓய்ந்த ஓர் அம்மாளைச் சென்ற மாதம் சந்தித்தோம். மகள் எஸ்.பி.எம். முடித்தவள். மூன்று வருஷமாகச் சிரம்பானில் ஒரு பேரங்காடியில் கவுண்டர் வேலை. அம்மாள் சொன்னதை அப்படியே தருகிறோம்:

"நானும் காலு கடுக்க நின்னவதாங்க. ஆனா நாங்க மரத்துக்கு மரம் நடப்போம். வெட்டி முடிச்சு, பால் எடுக்கிறதுக்கு முன்னாடி ஒக்காந்து பசியாறுவோம். இவ எட்டு மணி நேரம் ஒரே எடத்துல நிக்கிறா. ராத்திரி வீட்டுக்கு வந்தா காலு ரெண்டும் வீங்கிப் போவுது. ஒரு நாக்காலி கேட்டாளாம். குடுக்க மாட்டேன்னுட்டாங்களாம்."

ஏன் கொடுக்கவில்லை? கடை மேலாளர் கெட்டவர் அல்லர் என்று அந்தப் பெண்ணே சொல்கிறாள். அவர் மேலே எழுதிக் கேட்டிருக்கிறார். கவுண்டரில் உட்கார்ந்திருந்தால் வாடிக்கையாளர் கண்ணுக்குச் சோம்பலாகத் தெரியும் என்று தலைமையகத்திலிருந்து பதில் வந்ததாம். இந்தப் பதிலை எழுதியவர் எதில் உட்கார்ந்து எழுதியிருப்பார் என்று நாம் சொல்லத் தேவையில்லை.

நாற்காலி ஒரு சங்கதிதான். இன்னும் கேளுங்கள். எந்தச் சாமான் எந்தத் தட்டில் இருக்க வேண்டும் என்று கோலாலம்பூரிலிருந்து படம் வரைந்து அனுப்புகிறார்கள். அதன்படி பத்துக் கிலோ அரிசி மூட்டை மேல் தட்டுக்குப் போகிறது. எடுத்துத் தரச் சொல்லிக் கிழவிகள் கெஞ்சுகிறார்கள். ஒரு தீபாவளிக்கு உளுந்தும் முறுக்கு மாவும் பத்து நாளைக்கு முன்பே தீர்ந்துபோயின. சுற்றிலும் எத்தனை தோட்டம், எத்தனை குடும்பம், எந்த வாரம் சம்பளம் என்பதெல்லாம் தட்டு அடுக்கும் பையனுக்குக்கூடத் தெரியும். அவனை யாரும் கேட்கவில்லை. மறுபடி கேட்டனுப்பிய சரக்கு தீபாவளிக்கு மூன்றாம் நாள் வந்து இறங்கியது. வாடிக்கையாளரிடம் ஏச்சு வாங்கியவள் கவுண்டரில் நின்ற பெண்.

ஆறு கவுண்டரில் இரண்டைத் திறந்து வைத்துவிட்டு, வரிசை ஏன் நீளமாய் இருக்கிறது என்று காரணம் கேட்டு அறிக்கை வருகிறது. ஆளைக் குறைத்தது யார் என்று அந்த அறிக்கை கேட்பதில்லை. அந்தப் பெண் சிரிக்கிறாளா இல்லையா என்று பார்த்து மதிப்பெண் போடவும் ஆள் அனுப்புகிறார்களாம். கால் வீங்கியவள் எப்படிச் சிரிப்பாள்?

பழைய ஆட்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. விசிட்டிங் ஏஜண்டு வரும் நாளில் லயத்துக் கால்வாய்க்குச் சுண்ணாம்பு தெளித்ததும், ஆயாக் கொட்டகையில் பிள்ளைகளுக்குச் சுத்தமான துணி மாட்டியதும், அவர் கார் போன மறுநிமிஷம் எல்லாம் பழையபடி ஆனதும் நமக்கு ஞாபகம் இருக்கிறது. இன்று பேரங்காடிக்குப் பெரியவர்கள் வரும் நாளில் ஆறு கவுண்டரும் திறந்திருக்கின்றன. அவர்கள் பார்த்துவிட்டுப் போவது இல்லாத ஒரு கடையை. பிறகு அந்த இல்லாத கடைக்குத்தான் உத்தரவு போடுகிறார்கள்.

தோட்டமானாலும் கடையானாலும் மேலே இருப்பவர்கள் வெகு தூரத்தில் இருக்கிறார்கள். 1981 செப்டம்பர் 7ஆம் தேதி லண்டன் பங்குச் சந்தையில் ஒரு காலை வேளைக்குள் கத்ரி நிறுவனம் பி.என்.பி.யின் கைக்கு வந்தது. வெள்ளைக்காரக் கம்பெனி நம் நாட்டுக்கு வந்ததில் நமக்கும் பெருமைதான். ஆனால் நெகிரி செம்பிலானில் அந்தக் கம்பெனியின் மரங்களை வெட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு அது பத்திரிகையில் படித்த சேதி. 2007இல் கத்ரி, கோல்டன் ஹோப், சைம் டார்பி மூன்றும் ஒன்றாயின. அப்போதும் பலகையில் பேர் மாறியது. நிரையில் நின்றவனை யாரும் கேட்கவில்லை.

அதே சைம் டார்பிதான் டெஸ்கோ பேரங்காடிகளிலும் பங்காளியாய் இருந்தது. 2002இல் பூச்சோங்கில் முதல் கடையைத் திறந்தார்கள்; பெரும்பங்கு பிரிட்டிஷ் டெஸ்கோவுக்கு, 30 விழுக்காடு சைம் டார்பிக்கு. 2020இல் டெஸ்கோ தன் தாய்லாந்து, மலேசியக் கடைகளைத் தாய்லாந்தின் சி.பி. குழுமத்துக்கு விற்றது. மறு வருஷம் கடைகளுக்கு லோட்டஸ் என்று பேர் மாறிற்று. தகப்பன் வெட்டிய மரத்தையும் மகள் நின்ற கவுண்டரையும் எங்கோ ஒரு மேசையில் கைமாற்றிக் கொண்டார்கள். விற்பது முதலாளியின் உரிமை, அதில் நமக்கு வழக்கில்லை. வேலையைத் தெரிந்தவனிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வேலையை நடத்த முடியும் என்று நினைக்கிறார்களே, அதில்தான் வழக்கு.

தோட்டத்தில் நமக்கு ஒன்று இருந்தது. பி.பி. நாராயணன் சங்க வேலையைத் தொடங்கியது இந்த நெகிரி செம்பிலானில்தான். 1954இல் என்.யூ.பி.டபிள்யூ. அமைந்தது. அதன் மேல் நமக்கு ஆயிரம் குறை உண்டு, இந்தப் பகுதியிலேயே எழுதியிருக்கிறோம். ஆனாலும் முதலாளிகள் சங்கத்துக்கு எதிரே மேசை போட்டு உட்கார்ந்து கூட்டு ஒப்பந்தம் பேச அது வழி செய்தது. பேரங்காடியில் நிற்கும் நம் பெண்ணைக் கேட்டோம், சங்கம் இருக்கிறதா என்று. "தெரியலீங்க" என்றாள். வர்த்தகத் தொழிலாளர்களுக்கென்று தேசிய சங்கம் ஒன்று பல்லாண்டுகளாக இருப்பதை அவளுக்கு யாரும் சொல்லவில்லை. 2024 செப்டம்பர் 15 முதல் தொழிற்சங்கச் சட்டத் திருத்தம் நடப்பில் இருப்பதையும், சங்கம் சேருவதற்கு இருந்த பழைய கட்டுகள் பல அதில் தளர்ந்திருப்பதையும் சொல்லவில்லை.

நாற்காலி சின்ன விஷயம் என்று நினைப்பவர்கள் கேரளத்தைப் பார்க்கட்டும். கோழிக்கோடு, திருச்சூர்ப் பக்கத்துத் துணிக்கடைப் பெண்கள் உட்காரும் உரிமைக்காகத் தெருவில் இறங்கினார்கள். 2018இல் அங்கே சட்டம் திருந்தியது. 2021இல் தமிழ்நாட்டிலும் கடை ஊழியர்களுக்கு இருக்கை தந்தாக வேண்டும் என்று சட்டத்தில் சேர்த்தார்கள். ரங்கநாதன் தெருவில் நிற்கிற பிள்ளைகளை 'அங்காடித் தெரு' படத்தில் பார்த்துக் கண் கலங்கிய நாம், சிரம்பானில் நிற்கிற பிள்ளையைப் பார்க்காமல் இருக்கலாமா?

நம் நாட்டில் நின்று வேலை செய்வோருக்காக வேலையிடப் பாதுகாப்பு சுகாதார இலாகா 2002லேயே ஒரு வழிகாட்டி போட்டிருக்கிறது. ஆனால் அது வழிகாட்டி, சட்டமல்ல. சட்டத்தில் இருப்பது வேறு. 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி 40 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்பு சுகாதாரக் குழு இருக்க வேண்டும். அதில் தொழிலாளர் பிரதிநிதிகளும் உட்கார வேண்டும். பெரிய பேரங்காடிகள் பலவற்றில் 40 பேருக்குக் குறைவிருக்காது. அந்தக் குழுவில் நம் பிரதிநிதி யார், கடைசியாக எப்போது கூடினார்கள் என்று கேட்கலாம். வீங்கின கால் சுகாதார விஷயம் அல்லாமல் வேறென்ன?

ஒன்று சேர்ந்து நின்றால் மேலே கேட்காமல் போகாது. 2014இல் அமெரிக்காவில் மார்க்கெட் பாஸ்கெட் என்ற மளிகைக் கடைக் கம்பெனியில், தொழிலாளர்களை மதித்து நடந்த தலைவரை இயக்குநர் சபை நீக்கியது. 71 கடைகள், 25,000 பேர், சங்கமும் கிடையாது. லாரி ஓட்டியவர்களும் கிடங்கில் இருந்தவர்களும் வேலையை நிறுத்தினார்கள், தட்டுகள் காலியாயின. வாடிக்கையாளர்கள் வேறு கடையில் வாங்கிய ரசீதைக் கொண்டுவந்து இவர்கள் கடைக் கண்ணாடியில் ஒட்டிவிட்டுப் போனார்கள். ஆறு வாரத்தில் தலைவர் திரும்பி வந்தார். அவரை 2025இல் மறுபடி நீக்கிவிட்டார்கள் என்பது வேறு கதை. வேலை நிறுத்தம் செய்யுங்கள் என்று நாம் சொல்லவில்லை. நம் ஊரில் அதற்கு வேறு சட்டம், வேறு நடைமுறை. ரசீது ஒட்டின அந்த வாடிக்கையாளர்களைத்தான் யோசிக்கிறோம். சனிக்கிழமை சாமான் வாங்கப் போகும் நாமும் அந்தக் கடைக்கு வாடிக்கையாளர்தானே? உட்கார்ந்திருக்கும் பெண்ணைப் பார்த்தால் எங்களுக்குக் கண் உறுத்தாது என்று கடையில் இருக்கும் புகார்த் தாளில் எழுதிப் போட எத்தனை நிமிஷம் ஆகும்?

கடைசியாகப் பெற்றோருக்கு. "குடுத்த வேலையச் செய், வாயத் தொறக்காதே" என்று பிள்ளைகளுக்குச் சொல்லி அனுப்புகிறோம். அம்மாளும் அப்படித்தான் சொல்லியிருக்கிறார். பிரட்டில் வாய் திறந்தவனுக்கு மறுநாள் மோசமான நிரை கிடைத்த காலத்தில் கற்ற பாடம் அது. நாம் குறை சொல்ல மாட்டோம். ஆனால் மகளின் காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே அதைச் சொன்னபோது அவர் குரலே ஒத்துழைக்கவில்லை.

அந்தப் பெண் சிங்கப்பூருக்குப் போய்விடலாமா என்று பார்க்கிறாளாம். அடுத்த மாதம் வரை பொறுத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறோம். அவளோடு கவுண்டரில் நிற்கும் மலாய்ப் பெண்கள் இருவரும் ஒரு சீனப் பெண்ணும் சேர்ந்து நாலு பேராகக் கையெழுத்துப் போட்டுக் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதுகிறார்கள். கேட்டிருப்பது ஆறு நாற்காலிகள்.