மிகுதியே பிணி

முருகன் கோயிலால் நம்மவர் அனைவருக்கும் பரிச்சயமான, சிட்னியின் மேய்ஸ் ஹில் சுற்றுவட்டாரத்தில், வீட்டுக் கூடத்தின் ஒரு மூலையில் கடல்நீர்த் தொட்டி அமைத்து, அதில் உயிருள்ள பவளங்களைப் பிரியத்தோடு வளர்த்துவரும் நண்பர்கள் சிலர், கண்ணாடியெங்கும் பாசி படர்கிறது, பவளங்கள் தம் வர்ணத்தை இழந்து பழுப்பேறுகின்றன, பரிசோதித்தால் நைட்ரேட் லிட்டருக்கு 40 மில்லிகிராம் என்று காட்டுகிறது எனக் கவலையோடு சொல்லிவிட்டு, இதற்கு எந்த மருந்தை வாங்கி ஊற்றலாம் என்றே முதலில் வினவுகிறார்கள். தொட்டிக்குள் தினந்தோறும் என்ன போகிறது என்பதை ஆராயாமல் மருந்தைத் தேடுவது வீண் பிரயாசை என்பது என் திடமான அபிப்பிராயம்.

நாம் இடும் தீனியே இந்தப் பிணியின் மூலகாரணம். மீன் உண்டு கழித்ததும், உண்ணாமல் விட்டதும் அழுகி அம்மோனியாவாகி, அதை நுண்ணுயிர்கள் படிப்படியாக நைட்ரேட்டாக மாற்ற, அதே தீனியோடு வந்த பாஸ்பேட்டும் நீரில் தங்கிவிடுகிறது. சமுத்திரத்துப் பவளத்திட்டுகளின் தெளிந்த நீரில் நைட்ரேட் பெரும்பாலும் லிட்டருக்கு ஒரு மில்லிகிராமைக்கூட எட்டுவதில்லை. ஏறி இறங்கும் அலைகள் அங்கே கழிவை ஓயாமல் கொண்டுபோய்விடுகின்றன. தெப்பக்குளத்து மீன்களுக்குப் பொரி இடுவதைப் புண்ணியமாகக் கருதி வளர்ந்த நமக்கு, கண்ணாடியருகே வந்து வாயசைக்கும் மீனுக்கு இன்னும் ஒரு சிட்டிகை போடாமல் இருப்பது மனத்துக்கு ஒவ்வாததுதான். ஆயினும் முந்நூறு லிட்டர்த் தொட்டியில் அந்தத் தயையே விஷமாகிறது. ஆகவே தீனியைக் குறைப்பதும், உறைந்த இறாலை அலசிவிட்டு இடுவதும், தொட்டி தாங்காத அளவு மீன்களைச் சேர்க்காதிருப்பதுமே முதல் சிகிச்சை. ஆவியாகிக் குறையும் நீருக்கு ஈடாக, குளோரமைன் கலந்துவரும் சிட்னிக் குழாய்நீரை அப்படியே ஊற்றாமல், ஆர்.ஓ. முறையில் சுத்திகரித்த நீரையே ஊற்றவேண்டும்.

நீர் மாற்றினால் போதாதா என்பார்கள். 40 இருக்கும் தொட்டியில் பத்தில் ஒரு பங்கை மாற்றினால் 36 ஆகும். தீனி பழையபடியே விழுந்தால் சில தினங்களில் அது மீண்டும் 40-ஐ எட்டிவிடும். பாஸ்பேட்டின் சுபாவம் இன்னும் சூட்சுமமானது. சுண்ணாம்புப் பாறையில் அது ஒட்டிக்கொண்டு மறைந்திருந்து, நீரில் அளவு குறையும்போதெல்லாம் மெல்லக் கசிந்து வருவதால், இரும்பு ஆக்ஸைடு குருணையைப் போட்டு இன்று இறக்கிவிட்டோம் என்று சந்தோஷப்பட்டவர், அடுத்த வாரம் அளந்து பார்த்துத் திகைக்கிறார். பாறையில் பலகாலம் சேர்ந்தது வெளியேறவும் மாதக்கணக்கில் ஆகும்.

சேர்ந்துவிட்டதை வெளியேற்றுவதற்கு, நுரையில் கழிவைப் பிரித்தெடுக்கும் புரோட்டீன் ஸ்கிம்மரோடு, பாசியையே ஊழியனாக அமர்த்தும் வழியும் உண்டு. குவீன்ஸ்லாந்தின் டவுன்ஸ்வில் நகரில் 1987-இல் திறக்கப்பட்ட, 25 லட்சம் லிட்டர் நீர் கொண்ட பவளத் தொட்டியில், அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தைச் சேர்ந்த வால்டர் ஏடி வகுத்த முறைப்படி, வெளிச்சம் காட்டிய தட்டுகளில் பாசியை வளர்த்து, அது சத்தை உறிஞ்சிக் கொழுத்ததும் சுரண்டி எடுத்துவிடும் ஏற்பாட்டைக் கையாண்டார்கள். வீட்டில் கீட்டோமார்பா பாசியைத் தொட்டியோடு இணைந்த தனி அறையில் வளர்த்து அறுத்தெடுப்பதும் இதே தத்துவந்தான்.

ஆனால் அவசரப்பட்டுப் பூஜ்யத்துக்கு இறக்கிவிடுவோர் மற்றொரு அபாயத்தில் விழுகிறார்கள். பவளத்தின் திசுவுக்குள் குடியிருந்து அதற்கு உணவு சமைத்துத் தரும் நுண்பாசிக்கு நைட்ரஜனும் பாஸ்பரஸும் கொஞ்சமாவது தேவை. நைட்ரேட் மிகுந்திருக்கையில் பாஸ்பேட் அற்றுப்போனால், பவளம் வெளுத்துப்போகும் அபாயம் கூடுகிறது என்று இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தார் 2013-இல் நிரூபித்துக் காட்டினார்கள். மெதுவாக இறக்கி, மிகக் குறைந்த ஓர் அளவில் நிலைநிறுத்துவதே உத்தமம்.

தொட்டிக்கு விதித்த நியதி சமுத்திரத்துக்கும் பொருந்தும். சிட்னிப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் உள்ள, குவீன்ஸ்லாந்தை ஒட்டிய மகா பவளத்திட்டைச் சேர்ந்த ஒன் ட்ரீ தீவில், 1993 முதல் 1996 வரை சிறு பவளத்திட்டுகள் சிலவற்றில் நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் விட்டுச் சோதித்தபோது, எந்தச் சத்தைச் சேர்த்தாலும் பவளங்களின் இனப்பெருக்கம் கெட்டது. கரும்பு வயல்களிலிருந்து மகா பவளத்திட்டை நோக்கி ஓடும் நைட்ரஜனை 2025-க்குள் 60 சதவீதம் குறைப்பதாக அரசாங்கம் இலக்கு வகுத்தது இத்தகைய ஞானத்தினால்தான். வயலில் இடும் உரத்தைக் கட்டுப்படுத்தாமல், கடலில் புதுப் பவளக் கன்றுகளை நடுவதற்குப் பெருந்தொகை செலவிடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. நம் மன்னார் வளைகுடாவில் 2019-இல் நாக்டிலூகா என்னும் நுண்ணுயிர் பெருகி நீரைப் பச்சையாக்கி, பிராணவாயு குன்றி, மண்டபத்தை அடுத்த தீவுகளில் மீன்களும் பவளங்களும் மடிந்ததை நினைக்கும்போது மனம் பதறுகிறது.

பாசி வளர்க்கும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். மீன்தொட்டிகளில் விரும்பி வளர்க்கப்பட்ட காலெர்ப்பா டாக்ஸிஃபோலியா என்னும் பாசி, 2000-ஆம் ஆண்டில் சிட்னிக்குத் தெற்கேயுள்ள போர்ட் ஹாக்கிங்கில் பரவியிருக்கக் காணப்பட்டு, இன்று இம்மாநிலத்தில் தடைசெய்யப்பட்டிருக்கிறது. மேய்ஸ் ஹில் தெருவோர மழைநீர்க் கால்வாயில் நாம் கொட்டுவது சுத்திகரிக்கப்படாமலே பரமட்டா ஆற்றை அடைந்து, அங்கிருந்து சிட்னித் துறைமுகத்துக்குச் செல்கிறது. ஆகையால் அறுத்தெடுத்த பாசியை உறையவைத்துக் குப்பையில் இடுங்கள். மாற்றிய கடல்நீரை வீட்டுக் கழிவுநீர்க் குழாயிலேயே விடுங்கள்.